மேகத்துக்குள் போகாமலே ஒரு ரேட்டிங்

அமெரிக்காவில் தனியார் விமானி ஒருவர் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறக்கும் தகுதி, வாங்கப் பொதுவாகக் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த 40 மணி நேரம் கணக்கில் இருக்க வேண்டும். ஜன்னலை மறைத்துக் கருவிப் பலகையை மட்டும் காட்டுகிற ஃபாகிள்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளியே வெயில் பளீரென்று அடிக்கும்போதே அந்த 40 மணி நேரத்தையும் முடித்துவிடலாம். செக்ரைடு என்கிற இறுதிப் பறத்தல் தேர்வும் அப்படியே நடக்கும். தேர்வாளர் தற்காலிகச் சான்றிதழைக் கையில் கொடுத்த மறுநாள் காலையே, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஓடுபாதைக்கு 200 அடி உயரம் வரை எதுவும் தெரியாத மேகத்தின் வழியாகச் சட்டப்படி இறங்கலாம். அதுவரை அவர் ஒருமுறைகூட மேகத்துக்குள் போயிருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

இது எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ரேட்டிங்குக்கு எப்படிப் படிக்கலாம் என்று நான் விசாரித்த இடத்திலெல்லாம் பேச்சு பணத்தையும் நாளையும் பற்றியே இருந்தது. தனிப் பயிற்றுநரிடம் நம் வசதிக்குப் படிக்கும் பார்ட் 61-ஆ, அங்கீகாரம் பெற்ற பள்ளியின் பாடத்திட்டப்படி படிக்கும் பார்ட் 141-ஆ? பத்து நாள் முடுக்கப் பயிற்சியா, வார இறுதிகளில் மெதுவாகவா? சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் கழியும்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான், நானும் கேட்டேன். ஆனால் எந்த வானத்தில் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பத்து நாள் கணக்கு

என் கல்லூரி நண்பன் ஒருவன் எனக்கு முன்னாலேயே ரேட்டிங் வாங்கிவிட்டான். வேலையில் இரண்டு வாரம் லீவு போட்டு அரிசோனா போனான். காலையில் சிமுலேட்டர், மதியம் விமானம், ராத்திரி புத்தகம் என்று மூச்சுவிடாமல் போய், கடைசி நாள் செக்ரைடும் முடிந்து திரும்பி வந்தான். "மச்சி, இழுத்தடிக்காதடா. பத்து நாள் வேற எதையும் நினைக்காம இரு, முடிஞ்சிரும்" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கவே மாட்டேன். கருவிப் பறத்தல் என்பது கண் ஓடுகிற வழக்கம். செயற்கைத் தொடுவானம், திசைகாட்டி, மறுபடி தொடுவானம், உயரமானி, மறுபடி தொடுவானம் என்று கண் நிற்காமல் சுற்ற வேண்டும், ஒரே கருவியில் குத்திட்டு நின்றுவிடக் கூடாது. இந்த வழக்கம் பத்து நாள் விட்டால் துருப்பிடிக்கும். மாதம் இரண்டு முறை பறந்து படிக்கிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் பாதி நேரத்தைப் போன வகுப்பில் படித்ததை மீட்பதிலேயே செலவழிக்கிறார்கள், பணம் கரைகிறது, எழுத்துத் தேர்வு எழுதி 24 மாதம் ஓடிவிடுகிறது, திரும்ப எழுத வேண்டிவருகிறது, அப்புறம் ஒருநாள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எங்கள் கிளப்பிலேயே அப்படி நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கிலும் முடுக்கப் பயிற்சி மோசமில்லை. இங்கே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு செஸ்னா 172 வாடகை மணிக்கு 200 டாலரைத் தாண்டும், பயிற்றுநர் கட்டணம் தனி. மெதுவாகப் படித்து 40 மணி நேரம் 60 ஆனால், மிச்சம் பிடித்ததாக நினைத்த ஓட்டல் செலவெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது.

ஆனால் நண்பன் ரேட்டிங்கோடு திரும்பி வந்த அந்தக் கோடையில் ஒன்றைக் கவனித்தேன். காலையில் கடற்கரையோரம் தாழ்ந்த மேகம் மூடியிருந்தால் பதினொரு மணிக்கு அது கலையும் வரை காத்திருந்தே கிளம்பினான், ரேட்டிங் வாங்குவதற்கு முன்னால் எப்படிக் காத்திருந்தானோ அப்படியே. ஒருநாள் நேராகவே கேட்டேன். அவன் மழுப்பவில்லை. "அங்க பத்து நாளும் ஒரு மேகம் இல்லடா. உள்ள போனா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. தனியா போய்த் தெரிஞ்சுக்க எனக்கு விருப்பம் இல்ல" என்றான். அந்தப் பதிலில் இருந்த விவேகத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், இத்தனை பணமும் உழைப்பும் போட்டு வாங்கிய ஒன்று எதற்காக இருக்கிறதோ அதற்கு மட்டும் பயன்படாமல் இருக்கிறதே என்ற வருத்தமும் வந்தது. நீச்சலைத் தரையில் படுத்துப் பழகிவிட்டுச் சான்றிதழ் வாங்கியது போல.

காது சொல்லும் பொய்

நமக்குச் சமநிலை உணர்வைத் தருவது கண்ணும், உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களும், உடம்பு உணரும் எடையும்தான். இதில் கண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவை சுலபமாக ஏமாறும். மெதுவாகத் தொடங்குகிற திருப்பத்தைக் காது கண்டுகொள்வதே இல்லை. திருப்பம் ஒரே சீராக இருபது விநாடி நீடித்தால், குழாயில் உள்ள திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும், நேராகப் போவது போலவே இருக்கும். அந்த நேரத்தில் இறக்கைகளைச் சமமாக்கினால் எதிர்ப்பக்கம் சாய்வது போல் தோன்றும், கை தானாகவே விமானத்தைப் பழைய திருப்பத்துக்குள் திருப்பி அனுப்பப் பார்க்கும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 விமானிகளை, பாவனையாக உருவாக்கிய மேகச் சூழலில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி, மூன்று நிமிடம்கூட இல்லை.

இதையெல்லாம் இங்கே விமானம் பழகுகிற எல்லோரும் படிக்கிறார்கள். நானும் படித்தேன். பயிற்சி இல்லாதவர்களுக்குத்தானே, நாம்தான் படிக்கிறோமே என்று தோன்றும். அதனால்தான் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் விபத்து என்னை விடவே இல்லை. 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவின் கலபாசஸ் மலையோரம், 9 பேர் இறந்தார்கள். அந்த விமானி புதியவர் இல்லை, அவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருந்தது. ஆனால் அவர் வேலைபார்த்த நிறுவனத்துக்குக் கண்பார்வைப் பறத்தலுக்கு மட்டுமே அனுமதி, அதனால் வேலையில் மேகத்துக்குள் போகும் பழக்கமே இல்லை. தாழ்ந்த மேகத்தில் மாட்டிக்கொண்டபோது, மேகத்துக்கு மேலே போக 4,000 அடிக்கு ஏறுவதாக விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதாக அவர் நிஜமாகவே நம்பியிருக்க வேண்டும். விசாரணை வாரியத்தின் அறிக்கையில் அந்தப் பகுதியை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ரேட்டிங் அட்டை பையில் இருக்கிறது, உடம்புக்குள் இறங்கவில்லை.

ஃபாகிள்ஸ் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. ஹோல்டிங் (சொன்ன இடத்தில் சுற்றிக்கொண்டே காத்திருப்பது), அப்ரோச் (ஓடுபாதையை நோக்கிக் கருவிகளைப் பார்த்து இறங்குவது), ரேடியோ அதிர்வெண் மாற்றுவது, கட்டுப்பாட்டாளர் கொடுக்கும் கிளியரன்ஸை, அதாவது பறப்பதற்கான அனுமதியை, எழுதித் திருப்பிச் சொல்வது, இதையெல்லாம் படிக்க அது போதும். ஆனால் அந்தக் கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. விமானம் திரும்பும்போது கருவிப் பலகைமேல் வெயிலும் நிழலும் நகர்கின்றன. நாம் பார்க்க விரும்பாவிட்டாலும் கண்ணின் ஓரம் அதைப் பார்த்து மூளைக்குச் சொல்லிவிடுகிறது. திருட்டுத்தனமாக எட்டிப்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டு வாசலில் கிடந்த மேகம்

நான் இருப்பது சான் ஹோசே பக்கம். இந்த ஊருக்கு ஒரு கொடை உண்டு, அதை இங்கே பலரும் தொல்லை என்றுதான் நினைக்கிறார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை குளிர்ந்த பசிபிக் நீரின்மேல் உருவாகிற தாழ்ந்த மேகப் படலம், மரைன் லேயர், ராத்திரி நிலத்துக்குள் நுழைந்து காலையில் கடலோர விமான நிலையங்களை மூடும். மேல்மட்டம் பெரும்பாலும் 2,000 அடிக்குள் முடிந்துவிடும், அதற்கு மேலே நீல வானம். உள்ளே இடி மின்னல் கிடையாது. உறைநிலை எங்கோ உயரத்தில் இருப்பதால் இறக்கையில் பனி படியும் ஆபத்தும் இல்லை. கொஞ்சம் கிழக்கே மலையைத் தாண்டினால் வெயில் அடிக்கும், ஏதாவது சரியில்லை என்றால் அங்கே போய் இறங்கிக்கொள்ளலாம். சிகாகோ பக்கம் இருப்பவருக்குக் கோடை மேகம் என்றால் இடி, குளிர்கால மேகம் என்றால் பனிப்படிவு, ஒரு 172-இல் அதற்குள் பயிற்சிக்கென்று போக முடியாத நாட்களே அதிகம். பழகுவதற்கென்றே படைத்தது போல் இருக்கும் மேகம் எங்களுக்கு வாசலிலேயே கிடைக்கிறது. இதை விட்டுவிட்டு நான் ஏன் அரிசோனா பாலைவனத்துக்குப் போக வேண்டும் என்ற யோசனை வந்தபோதே பாதி முடிவு ஆகிவிட்டது.

மீதிப் பாதியை முடிவு செய்தது சாலினாஸில் ஒரு காலை. அப்போது நான் யாரிடம் படிப்பது என்று முடிவு செய்யாமல் சிலரோடு சோதனைக்குப் பறந்துகொண்டிருந்தேன். அதில் ஒருவர் வயதானவர், இளமையில் ராத்திரி நேரங்களில் சின்ன இரட்டை எஞ்சின் விமானத்தில் வங்கிக் காசோலை மூட்டைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ஆட்டோபைலட் இல்லாமல் மேகத்துக்குள் வாழ்ந்த தலைமுறை. முதல் நாளே ஃபாகிள்ஸை வெளியே எடுக்கவே வேண்டாம் என்றார். காலை ஏழு மணிக்கு சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்திலிருந்து கிளம்பினோம், பயணத் திட்டம் அவர் பெயரில், ஓட்டுவது நான்.

தெற்கே போகப் போகப் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக நிரம்பிக் கிடந்தது. சாலினாஸில் 31-ஆம் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் அப்ரோச், தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையை இரண்டு ஊசிகளில் பார்த்து இறங்கும் முறை. மேலே வெயிலில் இருந்தபோதே விமானத்தைச் சரியான வேகத்தில், சரியான இறக்கத்தில் வைத்துவிட்டதால் மேகத்துக்குள் நுழைந்தது அமைதியாகவே இருந்தது. ஜன்னல் சட்டென்று சாம்பல் நிறமானது, அவ்வளவுதான். ஊசிகள் இரண்டும் நடுவில் நின்றன. 700 அடி வாக்கில் கீழே கீரை வயல்களின் வரிசைகளும் அதற்கு அப்பால் ஓடுபாதை விளக்குகளும் தெரிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் இறங்க விடவில்லை, மிஸ்ட் அப்ரோச் போகச் சொன்னார், அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறச் சொன்னார்.

அங்கேதான் விஷயம். முழு விசை கொடுத்து மூக்கைத் தூக்கி மறுபடியும் சாம்பலுக்குள் ஏறினோம். வேகம் கூடும்போது உடம்பு இருக்கையில் பின்னால் அழுந்துகிறது, அந்த அழுத்தத்தை உள்காது மூக்கு இன்னும் செங்குத்தாகப் போகிறது என்று படிக்கிறது. கருவியில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் என் உடம்பு முழுக்க, கை உட்பட, மூக்கைக் கீழே தள்ளு தள்ளு என்றது. தரைக்கு ஆயிரம் அடிகூட மேலே இல்லாத இடம். அதே நேரம் இடப்பக்கம் திரும்பச் சொல்லி கட்டுப்பாட்டாளர் ஒரு திசை கொடுத்தார், கூடவே புது அதிர்வெண். திரும்பி நேரானதும் விமானம் வலப்பக்கம் சரிந்து விழுவது போல் இருந்தது. லேசான சந்தேகம் மாதிரி இல்லை, நாற்காலியிலிருந்து சரிகிற மாதிரி, அவ்வளவு நிச்சயமாக. தொடுவானம் சமம் என்றது. பக்கத்தில் இருந்த திருப்பக் கருவியும் சமம் என்றது. பெரியவர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நான் அதிர்வெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல் எனக்கே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்: சமமாக இருக்கிறது, ஏறுகிறது, சமமாக இருக்கிறது, ஏறுகிறது. வெளியே வெயில் வந்த பிறகும் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்ததாக அவர் அப்புறம் சொன்னார்.

இறங்கிய பிறகு அவர் சொன்னதுதான் என் தேர்வை முடித்துவைத்தது. "ஃபாகிள்ஸ் போட்டிருக்கும்போது, கழற்றினால் உலகம் இருக்கிறது என்று உன் உடம்புக்குத் தெரியும். அதனால் அது பயப்படாது, பயப்படாததால் பொய்யும் கம்மியாகத்தான் சொல்லும். உள்ளே போனால் கழற்ற ஒன்றும் இல்லை." அன்றைக்கே அவரிடம் படிப்பது என்று சொல்லிவிட்டேன்.

யாரிடம், எப்படி

இங்கே பயிற்றுநர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருப்பவர்கள். 2013-க்குப் பிறகு பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆனதால், அந்த மணிகளைச் சேர்க்க அவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். அதில் தப்பு எதுவும் இல்லை. நான் பார்த்தவர்களில் பலர் புத்திசாலிகள், விதிகள் விரல்நுனியில். ஆனால் அவர்களிடம் நிஜ மேகத்தில் எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது வந்த பதில்கள் என்னைத் திடுக்கிட வைத்தன. சிலருக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். மேகத்தில் தானே பழகாத ஒருவர் மாணவரை மேகத்துக்குள் கூட்டிப்போகத் தயங்குவது இயல்பு. மாணவரும் அப்படியே பயிற்றுநராகிறார், பிறகு அவரிடம் இன்னொரு மாணவர். கற்றுக்கொடுக்கிற சங்கிலியிலேயே மேகம் இல்லாமல் போய்விடுகிறது. இன்னொன்று, 1,500 மணி நேரம் ஆனதும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். பாதியில் ஆசிரியர் மாறினால் புது ஆள் உங்களை முதலிலிருந்து எடைபோடுவார், அந்தச் செலவு உங்களுடையது. ஆகவே பள்ளியின் பெயரையோ விமானத்தின் பளபளப்பையோ பார்ப்பதற்கு முன்னால், கடைசியாக எப்போது மாணவரோடு மேகத்துக்குள் போனீர்கள் என்று கேளுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

நடைமுறையில் நான் செய்தது இரண்டு வழிகளையும் கலந்ததுதான். நடைமுறைகளையெல்லாம் முதலில் சிமுலேட்டரில் அரைத்தேன். அங்கீகாரம் பெற்ற உயர்நிலைச் சிமுலேட்டரில் 20 மணி நேரம் வரை விதி கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, விமான வாடகையில் பாதிகூட ஆகாது. அதைவிடப் பெரிய லாபம் நிறுத்தி வைக்கும் பொத்தான். ஹோல்டிங்கில் எந்தப் பக்கமிருந்து நுழைவது என்று குழம்பும்போது விமானம் நமக்காகக் காத்திருக்காது, சிமுலேட்டர் காத்திருக்கும். அங்கே நிறுத்திப் பேசி, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, கை தானாகச் செய்யும் வரை போனோம். எழுத்துத் தேர்வையும் முன்னாலேயே எழுதி முடித்தேன், 60 கேள்வி, 70 விழுக்காடு எடுத்தால் போதும், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விமானப் பயிற்சியை மட்டும் கோடைக்கு ஒதுக்கினேன், வாரத்துக்கு இரண்டு காலைகள் குறையாமல். துருப்பிடிக்க விடக்கூடாது என்று நண்பன் சொன்ன பாடம் அதில் இருக்கிறது. ஆனால் நாட்களை நாங்கள் காலண்டர் பார்த்துக் குறிக்கவில்லை, வானிலை அறிக்கை பார்த்துக் குறித்தோம். ராத்திரியே வாட்சன்வில், மான்டரே, சாலினாஸ் முன்னறிவிப்புகளைப் பார்ப்பேன், மேகம் வரும் என்றால் விடியும் முன்னால் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி. வெயில் நாட்களில் லிவர்மோருக்கும் ஸ்டாக்டனுக்கும் ஃபாகிள்ஸோடு போனோம், செக்ரைடில் கேட்கும் உயரத்தில் 100 அடி, திசையில் 10 டிகிரி, வேகத்தில் 10 நாட் எல்லைகளுக்குள் பறப்பதைப் பழக அது தேவைதான்.

மேகப் படலம் மெல்லியது என்பதால் ஒவ்வொரு அப்ரோச்சிலும் உள்ளே இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தால் அற்பமான எண்ணாகத் தெரியும். ஆனால் திரும்பத் திரும்ப உள்ளே போய் வெளியே வந்ததில், உடம்பு சொல்லும் பொய் வருவதற்கு முன்னாலேயே அடையாளம் தெரியத் தொடங்கியது. விசை கொடுத்ததும் இப்போது தள்ளச் சொல்லும் என்று எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பேன், சொல்லும், தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவேன். அந்தப் பொய் நிற்கவில்லை, இன்றைக்கும் வருகிறது. எந்தப் பயிற்சியும் உள்காதை மாற்றாது.

என் வழி எல்லோருக்கும் ஒத்துவராது என்பது தெரியும். வாரநாள் காலை ஆறு மணிக்கு விமான நிலையத்தில் இருக்கவும், பத்து மணி மீட்டிங்குக்குத் திரும்பவும் என் வேலை இடம் கொடுத்தது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் மாதக்கணக்கில் இப்படி அலைவதைவிட இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு வருவதே நல்லது. அவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பத்து நாள் பயிற்சிக்கே போங்கள், ஆனால் மேகம் இருக்கும் பருவமும் மேகம் இருக்கும் ஊரும் பார்த்துப் போங்கள். சில இடங்களில் பயிற்றுநரே உங்கள் ஊருக்கு வந்து தங்கிச் சொல்லித்தருகிறார்கள், கடலோரம் இருப்பவர்கள் அவரை ஜூன் மாதம் வரச் சொல்லுங்கள், ஜனவரியில் வேண்டாம். அதுவும் முடியாது என்றால், செக்ரைடு முடிந்ததும் படிப்பு முடிந்ததாக நினைக்காமல், மேகம் பழகிய ஒருவரோடு நாலைந்து காலைகள் பறக்கப் பணம் எடுத்துவையுங்கள்.

என் நண்பன் போன ஜூலையில் அப்படித்தான் செய்தான், அதே பெரியவரிடம். முதல் மிஸ்ட் அப்ரோச்சில் என்ன நடந்தது என்று அவன் சொன்னதும் நான் சொன்னதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன, ஒரு வித்தியாசம் அவனுக்குச் சரிந்தது இடப்பக்கம். ரேட்டிங்கைத் தொடர்ந்து பயன்படுத்த ஆறு மாதத்துக்குள் ஆறு அப்ரோச், ஹோல்டிங் என்று விதி கேட்பதை நாங்கள் இருவரும் இப்போது ஒருவர் ஃபாகிள்ஸ் போட்டுப் பறக்க, மற்றவர் வெளியே பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்து முடித்துக்கொள்கிறோம். தனியாகப் போகும்போது சேருமிடத்தில் மேகத்தின் அடிமட்டம் 1,000 அடிக்குக் கீழே இருந்தால் கிளம்புவதில்லை என்று வைத்திருக்கிறோம். அதை 800-க்கு இறக்கலாமா என்று அவன் கேட்கிறான். இந்தக் கோடை பெரியவரோடு இன்னும் கொஞ்சம் பறந்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.